மிலிட்டரி வீட்டு மஞ்சப்பை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. வேலூரை அடுத்த ஒரு கிராமம். ரேஷன் கடையை ஒட்டி ஒரு சின்ன அறை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும்தான் அதன் பூட்டு திறக்கும். உள்ளே ஒரு பீரோ, இரண்டு மேசை, பழைய லேப்டாப், ஒரு பிரிண்டர். வாசலில் ‘முன்னாள் ராணுவத்தினர் நலச் சங்கம்’ என்று வெயிலில் வெளுத்துப் போன பலகை.

அன்று முதல் ஆளாக வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். கையில் மஞ்சப்பை. பைக்குள் கணவரின் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, இறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக். எதையும் வெளியே எடுக்காமல் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“முதல்ல டீ சாப்பிடும்மா. பேப்பர் எங்கயும் ஓடிப் போயிடாது” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார்.

“அவரு போய் மூணு மாசம் ஆச்சுண்ணா. பென்ஷன் நின்னுபோச்சு. பேங்க்ல கேட்டா எங்க கையில இல்லன்றாங்க. நெட் சென்டர்ல போட்டுப் பார்த்தா பேரு ஒத்து வரலன்னு வருதாம். என் பேரு எப்படிண்ணா எனக்கே ஒத்து வராம போகும்?”

சுபேதார் பதில் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். அவர் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பைக்குள் இருந்ததை எல்லாம் மேசையில் பரப்பினார். ஐந்து நிமிடத்தில் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது. கல்யாணம் ஆன புதிதில் கணவர் தன் படைப்பிரிவில் எழுதிக் கொடுத்தது, வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் இருப்பது பள்ளிச் சான்றிதழில் உள்ள முழுப்பெயர். அரசு ஏடுகளைப் பொறுத்தவரை இருவரும் வேறு வேறு பெண்கள்!

கல்லில் இல்லாத கணக்கு

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. அந்த வழியாகத் தினமும் போகிறவர்களில் எத்தனை பேர் நின்று படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் படிக்கிறவருக்கு ஒரு சின்னக் கழித்தல் கணக்கு மிச்சமிருக்கிறது. 277-ல் 14 போக மீதி 263. அவர்களெல்லாம் திரும்பி வந்து எப்படி வாழ்ந்தார்கள்? அதற்குக் கல்வெட்டில் இடமில்லை.

ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதில் வேலூர் வட்டாரத்துக்குப் பழைய பெயர் உண்டு. கணியம்பாடி பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். இந்தப் பகுதிக் கிராமங்களில் தெருப் பெயர் தெரியாவிட்டாலும் “மிலிட்டரிக்காரர் வீடு” என்று கேட்டால், “எந்த மிலிட்டரிக்காரர்?” என்று பதில் கேள்வி வரும்.

அப்படித் திரும்பி வந்தவர்கள் ஒன்றுகூடி வைத்துக்கொள்வதுதான் இந்தச் சங்கங்கள். வெளியே நமக்குத் தெரிவது சுதந்திர தினத்தன்று பதக்கங்களோடு வரிசையில் நிற்கும் தாத்தாக்கள், ஜூலை 26 கார்கில் வெற்றி நாளில் ஏற்றும் மெழுகுவத்தி, ரத்ததான முகாம், பள்ளி வளாகத்தில் நடும் மரக்கன்று. இவை எல்லாமே நல்ல காரியங்கள். போட்டோவும் நன்றாக வரும். ஆனால் சங்கத்தின் மிகப் பெரிய தொண்டு, போட்டோ எடுக்க முடியாத இந்த மேசையில்தான் நடக்கிறது.

பெட்டிக்குள் போன விவரம்

சிப்பாயாகச் சேருகிறவர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டு பணி செய்திருக்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் முப்பத்தைந்து, நாற்பதில் ஊர் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கை பாக்கி. சிலர் வங்கியில் செக்யூரிட்டி, சிலர் விவசாயம், சிலர் சின்னதாக ஒரு கடை. ராணுவ எண் எழுதிய கருப்பு டிரங்குப் பெட்டி பரணுக்குப் போய்விடும்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பென்ஷன் அவர் கணக்கில் வந்தது, கேன்டீன் அட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது, ஸ்பார்ஷ் கடவுச்சொல் அவர் போனில் இருந்தது. மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் மாதக் கடைசியில் பணம் வரும் என்பதுதான். அவர் போன மறுநாள், விவரம் மொத்தமும் அவரோடு போய்விடுகிறது.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல் போதும். ராணுவ ஏட்டுக்கு அது போதாது. வடக்கே ஏதோ ஒரு முகாமில், தமிழ் தெரியாத ஒரு கிளார்க், சொன்னதைக் காதில் வாங்கி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ‘ழ’ ஒருவர் கையில் ‘இசட்’ ஆகும். இன்னொருவர் கையில் ‘எல்’ ஆகும். பெயரின் கடைசியில் வரும் ‘ள்’ ஒரு ஏட்டில் இருக்கும், ஒன்றில் இருக்காது. பிறந்த தேதி தெரியாத மனைவிக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும்; கணவர் எழுதிக் கொடுத்ததோ ஆடி மாதக் கணக்கு. முப்பது ஆண்டாக யாருக்கும் உறுத்தாத இந்த எழுத்துகள், குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் நாளில்தான் எழுந்து நிற்கின்றன.

திருத்தலாம் என்றால் எங்கே போவது? மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் பதிவு அலுவலகம் வெலிங்டனில், அதாவது நீலகிரியில். மெட்ராஸ் என்ஜினீயர் குரூப் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை என்றால் நாசிக். இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. பென்ஷன் கணக்கைக் கவனிப்பதோ பிரயாக்ராஜ். இத்தனைக்கும் நடுவில், பக்கத்து டவுனுக்குத் தனியாகப் பஸ் ஏறியே பழகாத ஒரு பெண்.

குடும்ப ஓய்வூதியம் பெரிய தொகை ஒன்றும் இல்லை. சாதாரண விகிதத்தில் கணவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலை நிவாரணம். ஆனால் மருந்துக்கும் மளிகைக்கும் மகன் முகத்தைப் பார்க்காமல் இருக்க அந்தப் பணம் போதும். “எங்க வீட்டுல பணம் இல்லாம இல்லண்ணா. மகன் கொடுக்கிறான். கேட்டு வாங்கணுமேன்னுதான்…” என்று அந்தப் பெண் பாதியில் நிறுத்தியதும் அதனால்தான்.

தகர டப்பாவிலிருந்து கல்யாணப் பந்தல் வரை

கிளார்க் ஹவில்தார் அவருக்கு மூன்று கடிதம் தயார் செய்தார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழி. பதிவு அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம். மூன்றாவதுதான் முக்கியம் என்கிறார்கள் சங்கத்தினர். சங்கம் வழிகாட்டலாம், கூட வரலாம். அதிகாரப்பூர்வமாகக் கடிதப் போக்குவரத்து செய்வது அந்த அரசு அலுவலகம்தான். அங்கே எதற்கும் கட்டணம் கிடையாது. “உங்களுக்கு வாங்கித் தர்றேன், இத்தனை சதவீதம் கொடுங்க” என்று யாராவது வந்தால், அவர் பழைய யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் சரி, நம்ப வேண்டியதில்லை.

சங்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் பென்ஷன்காரர்கள் அல்ல. 15 ஆண்டு முடியும் முன்பே வெளியே வந்தவர்களும், அவர்களின் விதவைகளும் உண்டு. ஹவில்தார் பதவி வரை இருந்து, ஓய்வூதியம் இல்லாமல், 65 வயதைக் கடந்து வறுமையில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக உயர்த்தப்பட்டது. அதே சமயத்தில், இரண்டு பிள்ளைகள் வரை தரப்படும் கல்வி உதவி மாதம் 1,000-லிருந்து 2,000 ஆனது. மகள் கல்யாண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம் ஆனது. இப்படி ஒன்று இருப்பதே தெரியாத குடும்பங்களைத் தேடிப் போய்ச் சொல்வதும் சங்கத்தின் வேலை.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? டிசம்பர் 7 கொடிநாள் அன்று பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொண்ட சின்னக் கொடி ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு ஒவ்வொரு நிறம். 1949 முதல் அந்த நாளில் நாடு முழுக்க நிதி திரட்டுகிறார்கள். படைவீரர் கொடிநாள் நிதியின் ஒரு பகுதிதான் இந்த உதவித்தொகைகளாகப் போகிறது. நாம் டப்பாவில் போட்ட பத்து ரூபாய், ஒரு சிப்பாயின் மகள் கல்யாணப் பந்தலில் ஒரு கால் ஊன்றியிருக்கலாம்.

கொடிநாள் வசூலைச் சங்கம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. அறை வாடகைக்கும் பிரிண்டர் மைக்கும் உறுப்பினர்கள் ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் சந்தா போடுகிறார்கள். டீச் செலவு சுபேதாருடையது. அதில் மட்டும் யாரும் போட்டிக்கு வருவதில்லை!

மைதானத்தில் ஒரு புதிய கேள்வி

சங்கத்தின் இன்னொரு வேலை விடியற்காலையில் நடக்கிறது. ஐந்து மணிக்கு அரசுப் பள்ளி மைதானத்தில் பையன்கள் ஓடுகிறார்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், புல்-அப்ஸ் எல்லாம் உண்டு. கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்பவர் ஓய்வுபெற்ற நாயக் ஒருவர். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. “ஓட வர்றவன் எல்லாம் செலக்ட் ஆகமாட்டான். ஆனா அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறவன் கெட்டுப் போகமாட்டான்” என்பது அவர் கணக்கு.

ஆனால் இந்தப் பையன்கள் போகும் பாதை, அவர் போன பாதை அல்ல. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேருகிறவருக்கு நான்கு ஆண்டுதான் பணி. அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. தரைப்படையின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் திரும்பி வரும் இவர்களைச் சங்கத்தில் என்னவென்று சேர்ப்பது? இந்த அறையில் அந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. “சட்டம் என்ன சொல்லுதோ சொல்லட்டும். யூனிஃபார்ம் போட்டவன் நம்ம பையன்” என்கிறார் சுபேதார். கிளார்க் ஹவில்தாருக்கு வேறு கவலை. “அவங்களுக்கு இந்த ஃபாரம் எதுவும் பொருந்தாது சார். அவங்களுக்கு வேலைதான் வேணும். அதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?” இந்தக் கேள்விக்கு அறையில் இன்னும் பதில் இல்லை.

இன்னொரு கவலையும் உண்டு. மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வயதாகிறது. ஃபாரம் தெரிந்த கிளார்க் ஹவில்தாருக்கு எழுபது நெருங்குகிறது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருவது நான்கு பேர்தான். அதனால் இப்போது பேரப்பிள்ளைகளை இழுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கல்லூரி படிக்கும் இரண்டு பெண்கள் லேப்டாப் வேலையைப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் ஃபாரத்தில் என்ன எழுதுவது என்று சொல்ல, பிள்ளைகள் எங்கே அழுத்துவது என்று காட்டுகிறார்கள்.

இருக்கும்போதே பார்க்க வேண்டியவை

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ ஒரு மிலிட்டரி குடும்பம் இருந்தால், இந்தச் சங்கத்தினர் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயங்கள் இவை:

1. பென்ஷன் ஆணையிலும் ராணுவப் பதிவிலும் மனைவியின் பெயர், பிறந்த தேதி ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கணவர் இருக்கும்போது திருத்துவது எளிது. அவர் கையெழுத்துதான் அதற்குப் பெரிய ஆதாரம்.

2. பென்ஷன் வரும் வங்கிக் கணக்கைக் கணவன், மனைவி கூட்டுக் கணக்காக வைத்திருங்கள்.

3. ஸ்பார்ஷ் தளத்தில் பதிவான போன் எண் இப்போதும் உபயோகத்தில் இருக்கிறதா? கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?

4. ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று தர வேண்டும். கைரேகை தேய்ந்துபோன பெரியவர்களுக்குப் போனிலேயே முகத்தைக் காட்டிப் பதியும் வசதி 2021 முதல் இருக்கிறது.

5. 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் மனைவிக்கும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

6. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். உடனே பென்ஷன் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். அவர் இறந்த பிறகு கணக்கில் விழுந்த பென்ஷனை ஏ.டி.எம்.மில் எடுத்தால், பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

7. “ஸ்பார்ஷ்லேருந்து பேசறோம், ஓ.டி.பி. சொல்லுங்க” என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். துக்க வீடு என்று தெரிந்தே அழைக்கிற கூட்டம் இருக்கிறது.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தால் போதும். செய்யத் தயங்குவதற்கு ஒரே காரணம், “நான் போனதுக்கு அப்புறம்…” என்று அவர் தொடங்கும்போதே மனைவி, “வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று எழுந்து போய்விடுவதுதான்.

மறுபடியும் ஒரு ஞாயிறு

மஞ்சப்பைக்காரப் பெண்ணின் வேலை ஒரே நாளில் முடியவில்லை. உறுதிமொழியில் ஒரு சாட்சிக் கையெழுத்து விட்டுப்போய்த் திரும்ப எழுத வேண்டியிருந்தது. பதிவு அலுவலகத்திலிருந்து திருமணப் பதிவு பற்றி ஒரு கேள்வி வந்தது. அதற்குப் பதில் போனது. நல அலுவலகத்துக்கு இரண்டு முறை கூடவே போனவர் சுபேதாரின் மனைவி. ஐந்தாவது மாதத்தில் திருத்தம் ஏறியது. அதற்கு அடுத்த மாதம் நிலுவையோடு பணம் வந்தது. அவர் சொல்லித்தான் அறையில் இருந்தவர்களுக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் வந்தார். கையில் மஞ்சப்பை இல்லை. ஒரு டப்பாவில் கேசரியும், கூட இன்னொரு பெண்ணும்.

சுபேதார் நாற்காலியைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “உட்காரும்மா. வீட்டுக்காரர் எப்போ தவறினாரு?”

வந்தவர் பதறிப்போய்ப் பக்கத்தில் பார்த்தார். அதற்குள் மஞ்சப்பைக்காரர் முந்திக்கொண்டார்.

“ஐயோ அண்ணா, அவரு நல்லாத்தான் இருக்காரு. வெளியில வண்டிய நிறுத்தறாரு. இருக்கும்போதே பேரைச் சரிபார்த்துடலாம்னு நான்தான் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேன்.”

கிளார்க் ஹவில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்றைய முதல் ஃபாரத்தில் கணவன், மனைவி இருவருமே கையெழுத்துப் போட்டார்கள்.